சேவையகம் விழித்திருக்கிறதா?

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் பேருந்துக்காகக் காத்திருக்கும் பலர் இன்று சாலையைப் பார்ப்பதைவிடத் திறன்பேசியை அதிகம் பார்க்கின்றனர். படகுத்துறையிலிருந்து கொம்தார், ஆயர் ஈத்தாம் வழியாகக் கொடிமலை அடிவாரம்வரை செல்லும் 204ஆம் எண் ரேபிட் பினாங்கு பேருந்து எவ்விடத்தில் வந்துகொண்டிருக்கிறது என்பதைக் குறுஞ்செயலியின் வரைபடம் காட்டிவிடுகிறது. ஆனால், சில வேளைகளில் அவ்வரைபடம் வெறுமையாக இருக்கும். பேருந்துச் சின்னம் ஒன்றுகூடத் தென்படாது. அந்த வெறுமைக்கு என்ன பொருள்? பேருந்தே ஓடவில்லையா? திறன்பேசியில் இணையம் இல்லையா? அல்லது தகவலைத் தரவேண்டிய சேவையகம் முடங்கிவிட்டதா? மூன்று நிலைகளும் திரையில் ஒரே மாதிரியாகத்தான் தெரியும். மருத்துவமனையில் குறித்த நேரத்திற்குள் இருக்கவேண்டிய முதியவர் ஒருவர், பேருந்து இல்லை என்று முடிவுசெய்து வாடகைக் காரில் ஏறிய மறு நிமிடமே 204 வந்து நிற்கவும் கூடும்.

சேவையகம் என்பது பிற கணினிகள் கேட்கும் தகவலை எடுத்துக் கொடுப்பதற்காக இரவும் பகலும் இயங்கும் கணினியாகும். திறன்பேசியிலுள்ள குறுஞ்செயலி கேட்கிறது, சேவையகம் விடையளிக்கிறது. வங்கிக் கணக்கின் இருப்பும், தேர்வு முடிவும், பேருந்தின் இருப்பிடமும் இவ்வாறே திரைக்கு வருகின்றன. எனவே, ‘சேவையகம் இயங்கலையில் உள்ளதா?’ என்று சோதிப்பது ஒவ்வொரு குறுஞ்செயலியும் செய்ய வேண்டிய முதல் வேலையாகிறது. கேள்வி எளியது. அதற்குச் சரியான விடையைக் கண்டுபிடிப்பதோ அவ்வளவு எளிதன்று.

204ஆம் எண் பேருந்தின் தகவல் கடந்துவரும் பாதையைப் பார்த்தால் இது விளங்கும். பேருந்திலுள்ள கருவி செயற்கைக்கோள்களின் துணையுடன் தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. அதனைக் கைப்பேசி அலைவரிசை வழியாகப் பேருந்து நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. பிரசாரானா நிறுவனத்தின் பேருந்துகளைப் பற்றிய இத்தகவல், மலேசிய அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் முப்பது நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்படுகிறது. அதிலுள்ள விவரங்கள் உலகின் பல நகரங்கள் பின்பற்றும் ஒரு பொது வடிவத்தில் அமைந்துள்ளன. அந்த வடிவம் 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்ததாகும். குறுஞ்செயலி அத்தரவை எடுத்து வரைபடத்தில் பொருத்துகிறது. பேருந்து, அலைவரிசை, நிறுவனக் கணினி, தரவுத் தளம், இணையம், திறன்பேசி என்று நீளும் இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயணியின் கண்ணுக்குத் தெரிவது வெறும் வரைபடம்தான்.

ஆகவே, சோதனை கைக்கு மிக அருகிலுள்ள கண்ணியிலிருந்து தொடங்க வேண்டும். அது திறன்பேசியே. ஆயர் ஈத்தாம் மலைகள் சூழ்ந்த வட்டாரம். மலைகளும் உயரமான அடுக்குமாடி வீடுகளும் வானலையைத் தடுக்கக்கூடியவை. அலைவரிசை இல்லாத இடத்தில் நின்றுகொண்டு சேவையகத்தைக் குறைகூறுவது பொருந்தாது. ஆனால், அலைவரிசைக் கோடுகள் நிறைவாகத் தெரிவதும் இணையம் இருப்பதற்குச் சான்றாகாது. உணவகத்தின் வைஃபை இணைப்பில் சேர்ந்ததும் சிலருக்கு இந்த அனுபவம் ஏற்படும். இணைப்பு கிடைத்துவிட்டதாகத் திரை காட்டும். ஆனால், கடவுச்சொல்லையோ தொலைபேசி எண்ணையோ பதியும்வரை எந்தப் பக்கமும் திறக்காது. கதவுவரை வந்தாயிற்று, வீட்டிற்குள் நுழைய முடியவில்லை என்பதைப் போன்றது இது.

இவ்வேறுபாட்டைக் கண்டறிய ஆண்ட்ராய்டு திறன்பேசிகள் ஓர் எளிய உத்தியைக் கையாள்கின்றன. புதிய இணைப்பு கிடைத்தவுடன், கூகுள் நிறுவனம் இதற்கென்றே வைத்திருக்கும் ஒரு முகவரிக்குச் சிறு கோரிக்கை ஒன்றை அனுப்புகின்றன. அங்கிருந்து வரவேண்டிய பதில் ‘204’ என்னும் எண் மட்டுமே. இணையத்தின் குறியீட்டு மொழியில் 204 என்றால், ‘கோரிக்கை கிடைத்தது, அனுப்புவதற்கு உள்ளடக்கம் எதுவும் இல்லை’ என்று பொருள். கொடிமலைப் பேருந்தின் எண்ணும் அதுவாக அமைந்தது தற்செயலே. வரவேண்டிய 204 வராமல் வேறு ஏதேனும் பக்கம் வந்தால், இடையில் யாரோ வழிமறிக்கிறார்கள் என்று திறன்பேசி புரிந்துகொள்கிறது. வைஃபை சின்னத்தின் அருகில் ஒரு வியப்புக்குறியை இடுகிறது. ஆப்பிள் திறன்பேசிகளும் இதே வேலையைச் செய்கின்றன. எண்ணுக்குப் பதிலாக, ‘வெற்றி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தாங்கிய சிறு பக்கம் ஒன்றை அவை எதிர்பார்க்கின்றன. குறுஞ்செயலி எழுதுபவர் ‘இணைப்பு உள்ளதா?’ என்று இயங்குதளத்திடம் கேட்பதோடு நின்றுவிடாமல், ‘அவ்விணைப்பு சரிபார்க்கப்பட்டதா?’ என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஆண்ட்ராய்டு தனித்தனியே விடை தருகிறது.

திறன்பேசியில் குறையில்லை என்றால் அடுத்த கண்ணி முகவரி. மனிதர்கள் சேவையகங்களைப் பெயரால் அழைக்கின்றனர். கணினிகளோ எண்களால் அழைக்கின்றன. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் பொது ஏடு ஒன்று இணையத்தில் உண்டு. அதற்குக் களப்பெயர் முறைமை என்று பெயர். அந்த ஏட்டில் பெயர் கிடைக்காவிட்டால், சேவையகம் எவ்வளவு நலமாக இருந்தாலும் குறுஞ்செயலியால் அதை எட்ட முடியாது. வீட்டில் ஆள் இருக்கிறார்; ஆனால், வீட்டு எண் தெரியவில்லை.

எண் தெரிந்தபின் அங்கே யாரேனும் விழித்திருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்க்கலாம். இதற்கான மிகப் பழைய கருவியின் பெயர் ‘பிங்’. அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ், 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வலையமைப்புக் கோளாறு ஒன்றைத் தேடியபோது இந்நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, அது எதிலோ பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு எதிரிலுள்ள பொருளின் தொலைவை அறிகின்றன. அக்கருவி எழுப்பும் ஓசையைத்தான் அவர் தம் நிரலுக்குப் பெயராக வைத்தார். பிங் ஒரு சிறு தரவுப் பொட்டலத்தை அனுப்பும். மறுமுனைக் கணினி அதை அப்படியே திருப்பி அனுப்பும். எடுத்துக்கொண்ட நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் பதிவாகும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்வதால், பினாங்கிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூருக்குப் போய்த் திரும்ப, வழியில் தாமதம் எதுவும் இல்லாவிட்டால், ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு போதும்.

தொலைவிலுள்ளவர் விழித்திருக்கிறாரா என்று கம்பிவழிக் கேட்பது பினாங்குக்குப் புதியதும் அன்று. 1870-1871இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. இன்றும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் கண்ணாடி இழைக் கடலடி வடம் ஒன்று பினாங்கில்தான் கரையேறுகிறது.

ஆனால், பிங் கருவியை மட்டும் நம்பிக் குறுஞ்செயலி முடிவெடுக்கக் கூடாது. பாதுகாப்பைக் கருதிப் பல நிறுவனங்கள் பிங் பொட்டலங்களுக்கு விடையளிக்க வேண்டாம் என்று தங்கள் சேவையகங்களுக்குக் கட்டளையிட்டு வைத்துள்ளன. அத்தகைய சேவையகம் ஆயிரம் பேருக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். பிங்கைக் கண்டால் மட்டும் வாய் திறக்காது. மறுபுறம், பிங்கிற்கு உடனே விடை சொல்லும் கணினியில் பேருந்துத் தகவல் தரும் மென்பொருள் நின்று போயிருக்கவும் கூடும். பிங் கணினி விழித்திருப்பதைத்தான் சொல்லும். பயணிக்கு வேண்டியதோ கணினி அன்று, அது செய்யும் வேலை.

எனவே, குறுஞ்செயலி நேராகச் சென்று கதவைத் தட்டுகிறது. இங்கே இருவகைத் தோல்விகளைப் பிரித்தறிய வேண்டும். முதல் வகை மறுப்பு. சேவையகக் கணினி, ‘இந்த வாயிலில் யாரும் இல்லை’ என்று உடனே பதில் அனுப்பிவிடும். ஏமாற்றம் தரும் பதிலாயினும், அது பதில்தான். கணினி உயிரோடு இருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது, மென்பொருள் மட்டும் நின்றுவிட்டது என்பது அதிலிருந்து தெரிகிறது. இரண்டாம் வகை மௌனம். பதிலே வராது. மௌனத்திற்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம்: கணினி நின்றிருக்கலாம், வழியில் வடம் அறுந்திருக்கலாம், பாதுகாப்பு அரண் பொட்டலத்தை விழுங்கியிருக்கலாம், வேலைப்பளு மிகுதியால் சேவையகம் தாமதமாக விடை சொல்லவும் இருக்கலாம்.

கொடிமலைக்கு அப்பெயர் வந்தது அதன் உச்சியில் நின்ற கொடிக்கம்பத்தால். கப்பல்களின் வருகையைக் கொடிகள் ஏற்றி நகரத்துக்கு அறிவிக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. மலையை மேகம் மூடிய நாளில் கீழே நின்று பார்ப்பவருக்குக் கொடி தெரியாது. கப்பல் வரவில்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். வந்த கப்பலுக்கு ஏற்றிய கொடி மேகத்தில் மறைந்துவிட்டது என்றும் கொள்ளலாம். இணையத்தின் மௌனமும் இத்தகையதே. ‘எனக்குப் பதில் கிடைக்கவில்லை’ என்பதுதான் குறுஞ்செயலிக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே செய்தி. ‘சேவையகம் இயங்கவில்லை’ என்பது அதிலிருந்து ஊகித்துக்கொண்டது.

மௌனத்தை எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது? இதற்குக் கால வரம்பு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டில் பரவலாகப் பயன்படும் ‘ஓக்எச்டிடிபி’ என்னும் நிரல் தொகுப்பு, எழுதுபவர் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், இணைப்புக் கிடைப்பதற்குப் பத்து நொடி காத்திருக்கிறது. ஆப்பிள் இயங்குதளத்தின் வழக்கமான வரம்பு அறுபது நொடி. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு ஒரு நிமிடம் என்பது மிக நீண்ட காலம். அதற்குள் அவர் குறுஞ்செயலியை மூன்று முறை மூடித் திறந்திருப்பார். வரம்பை ஒரு நொடியாகச் சுருக்கினாலோ, வலுக்குறைந்த அலைவரிசையில் உள்ளவர்களுக்கு நலமாயிருக்கும் சேவையகமும் செத்துவிட்டதாகத் தோன்றும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று இல்லை. பண மாற்றத்துக்கு ஒரு பொறுமை, பேருந்து வரைபடத்துக்கு வேறொரு பொறுமை.

கதவு திறந்து பதிலும் வந்துவிட்டது என்று கொள்வோம். அப்பதிலின் தலைப்பில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 200 என்றால் எல்லாம் சரி. 404 என்றால் கேட்ட பொருள் அங்கில்லை. 500 என்றால் சேவையகத்துக்குள் ஏதோ பிழை. 503 என்றால் இப்போதைக்குச் சேவை தர இயலவில்லை. 429 என்றால் கேட்பவர் அளவுக்கு மீறிக் கேட்கிறார் என்று பொருள். இவற்றுள் எது வந்தாலும் சேவையகம் இயங்கலையில் இருப்பது உறுதி. ஆயினும், 200 ஒன்றே பயணிக்கு உதவும்.

அந்த 200உம் ஏமாற்றக்கூடும் என்பதுதான் இவ்விடயத்தின் கடினமான பகுதி. முகப்புப் பக்கம் மட்டும் திறக்கிறதா என்று சோதித்தால், பின்னாலிருக்கும் தரவுத்தளம் செயலிழந்திருப்பது வெளியே தெரியாது. கோவிட்-19 தடுப்பூசிக் காலத்தில் மலேசியர்கள் இதை நேரில் கண்டனர். 2021ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் நண்பகலில், கிள்ளான் பள்ளத்தாக்கு, பினாங்கு, ஜொகூர், சரவாக் ஆகிய இடங்களில் உள்ளவர்களுக்கு அஸ்ட்ராசெனக்கா தடுப்பூசி முன்பதிவு இணையத்தளத்தில் திறக்கப்பட்டது. ஏறக்குறைய பத்து இலட்சம் இடங்கள் இருந்தன. அவை ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரத்திலேயே நிரம்பிவிட்டன. அந்த ஒரு மணி நேரத்தில் பலருக்குப் பக்கமே திறக்கவில்லை. வேறு சிலருக்குப் பக்கம் திறந்தும் படிவத்தை முடிக்க இயலவில்லை. இக்கோளாறுகளுக்காகப் பொறுப்பமைச்சர் கைரி ஜமாலுடின் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்நேரத்தில் ‘சேவையகம் இயங்கலையில் உள்ளதா?’ என்று கேட்டிருந்தால் ‘ஆம்’ என்பதே சரியான விடை. இடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தனவே! ஆனால், பாதிப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ‘ஆம்’ எப்பயனும் தரவில்லை.

இதனால்தான் சேவையகங்களை அமைப்போர் நலச் சோதனை என்னும் தனி வாயில் ஒன்றை வைக்கின்றனர். அதைத் தட்டினால் சேவையகம் வெறுமனே ‘இருக்கிறேன்’ என்று சொல்லாது. தரவுத்தளத்திலிருந்து ஒரு வரியைப் படித்துப் பார்க்கும், சேமிப்பகத்தில் இடம் உள்ளதா என்று நோக்கும், தான் நம்பியிருக்கும் பிற சேவைகளை விசாரிக்கும்; பிறகே பதில் சொல்லும். மருத்துவர் நோயாளியின் பெயரைக் கேட்பதற்கும் நாடி பிடித்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. பேருந்துத் தகவலுக்கு என்றால், ‘கடைசிப் பேருந்தின் இருப்பிடம் எப்போது வந்தது?’ என்பதையும் நலச் சோதனை பார்க்க வேண்டும். காரணம், இரவில் சேவை முடிந்தபின் வரும் வெற்றுப் பட்டியலும், காலை ஏழு மணிக்குப் பேருந்துக் கருவிகளின் தொடர்பு அறுந்ததால் வரும் வெற்றுப் பட்டியலும் ஒன்றேபோல் இருக்கும். இரண்டுக்கும் தலைப்பில் 200 என்றே எழுதியிருக்கும்.

நலச் சோதனை அளவுக்கு மீறிப் போனாலும் ஆபத்துண்டு. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் மலேசிய நேரம் இரவு 11.40 மணியளவில் முகநூல், இன்ஸ்டகிராம், மலேசியத் தமிழர்கள் புலனம் என்று அழைக்கும் வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஒருசேர மறைந்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அவை திரும்பவில்லை. பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் தவறுதலாகத் துண்டித்துவிட்டது. அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அந்நிறுவனத்தின் களப்பெயர்ச் சேவையகங்கள் தங்களையே சோதித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. தரவு மையத்தோடு பேச முடியவில்லை என்றால், ‘என் இணைப்பில் கோளாறு, என்னிடம் வராதீர்கள்’ என்று இணையத்துக்கு அறிவித்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒன்றிரண்டு சேவையகங்கள் பழுதானால் இது நல்ல விதி. அன்று எல்லாச் சேவையகங்களும் ஒரே நேரத்தில் அதே முடிவுக்கு வந்தன, எல்லாமே விலகிக்கொண்டன. அவை இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால், அவற்றுக்குச் செல்லும் வழியை உலகம் மறந்துவிட்டது.

கோளாற்றை ஆராய்வதற்கென்று அந்நிறுவனப் பொறியாளர்கள் வைத்திருந்த கருவிகள் பலவும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் அவையும் பயன்படவில்லை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் அனுப்பப்பட்டனர். எளிதில் யாரும் நுழைய முடியாதபடி கட்டப்பட்ட அவ்விடங்களில் அவர்கள் நுழைவதற்கே நேரமாயிற்று.

இதைப்போன்ற நிகழ்ச்சி ஒன்று அமேசான் நிறுவனத்திலும் நேர்ந்துள்ளது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அதன் மேகச் சேமிப்புச் சேவை ஒரு கட்டளைப் பிழையால் சில மணி நேரம் செயலிழந்தது. சேவைகளின் நலத்தைக் காட்டும் பொதுப் பலகையில் மட்டும் பச்சைக் குறிகள் மாறாமல் நின்றன. அப்பலகையைப் புதுப்பிக்கும் வசதியும் செயலிழந்த அதே சேமிப்புச் சேவையின் மேல் கட்டப்பட்டிருந்ததே காரணம். வீடு எரிகிறதா என்று பார்க்க வைத்த காவலாளியை அவ்வீட்டின் உள்ளேயே பூட்டிவைத்ததைப் போன்றது இது. சேவையகம் உள்ளதா என்பதை வேறோர் இடத்தில், வேறொரு வலையமைப்பில் இருக்கும் கணினி பார்க்க வேண்டும். தன் இணைப்பில்தான் கோளாறா, எல்லாருக்குமே கோளாறா என்பதைப் பயணியின் குறுஞ்செயலி அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆயர் ஈத்தாமில் கிடைக்காத பதில் ஜோர்ஜ்டவுனிலும் கோலாலம்பூரிலும் கிடைத்துக்கொண்டிருந்தால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் ஆயர் ஈத்தாமின் இணைப்பே.

இனி, பதில் வராதபோது என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். மீண்டும் கேட்பதுதான் இயல்பு. ஆனால், கேட்கும் விதத்தில் பொறுப்பு வேண்டும். ஒரு குறுஞ்செயலியை ஒரு மில்லியன் பேர் பயன்படுத்துகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். சேவையகம் ஒரு நிமிடம் தடுமாறுகிறது. எல்லாத் திறன்பேசிகளும் நொடிக்கு ஒருமுறை மறுபடி மறுபடி கேட்டால், எழுந்து நிற்க முயலும் சேவையகத்தின்மீது நொடிக்கு ஒரு மில்லியன் கோரிக்கைகள் விழும். தடுமாறியது அதிலேயே மடிந்துவிடும். முகநூல் மறைந்த இரவில் இச்சுமை தொடர்பே இல்லாதவர்களையும் தாக்கியது. பதில் கிடைக்காத திறன்பேசிகள் முகவரியைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பொதுக் களப்பெயர்ச் சேவைக்கு இப்பெயர்களைப் பற்றிய கேள்விகள் வழக்கத்தைவிட முப்பது மடங்கு வந்தன.

இதற்கு மாற்று, இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டுவது. முதல் முறை தோற்றால் ஒரு நொடி கழித்துக் கேட்கலாம். மீண்டும் தோற்றால் இரண்டு நொடி, பிறகு நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகலாம். அதுவும் போதாது. ஒரே நொடியில் தோற்ற எல்லாத் திறன்பேசிகளும் ஒரே கணக்கைப் போட்டால், எட்டாம் நொடியிலும் பதினாறாம் நொடியிலும் ஒன்றாகவே வந்து கதவை இடிக்கும். ஆகவே, ஒவ்வொரு திறன்பேசியும் தன் இடைவெளியில் தற்போக்கான சிறு காலத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஒன்று 7.3 நொடியில் வரும், இன்னொன்று 9.1 நொடியில் வரும். கூட்டம் தானாகவே வரிசையாகிவிடும். ‘இன்னும் முப்பது நொடி கழித்து வாருங்கள்’ என்று 503 பதிலோடு சேவையகமே குறிப்பு அனுப்பினால், குறுஞ்செயலி தன் கணக்கை விட்டுவிட்டு அதற்குக் கீழ்ப்படிய வேண்டும். முப்பது நொடிக்கு ஒருமுறை மட்டுமே மாறும் பேருந்துத் தரவை நொடிக்கு ஒருமுறை கேட்பதிலும் பொருளில்லை. மின்கலம் வீணாகும், மாதத் தரவு அளவு குறையும், கிடைப்பதோ பழைய விடையே.

இவ்வளவு சோதனைகளையும் முடித்தபின், கண்டறிந்ததைப் பயணியிடம் எப்படிச் சொல்வது? பல குறுஞ்செயலிகள் இங்கேதான் சறுக்குகின்றன. ‘பிழை ஏற்பட்டது’ என்ற இரண்டே சொற்களோடு கடமை முடிந்ததாக எண்ணிவிடுகின்றன. படிப்படியாகச் சோதித்த குறுஞ்செயலியால் அதைவிட நேர்மையாகப் பேச முடியும். திறன்பேசியில் இணையம் இல்லையென்றால், ‘உங்கள் இணைப்பைச் சரிபாருங்கள்’ எனலாம். இணையம் இருந்தும் பதில் வராவிட்டால், ‘பேருந்துத் தகவல் இப்போது கிடைக்கவில்லை, பேருந்துகள் ஓடிக்கொண்டிருக்கலாம்’ எனலாம். இரண்டாம் வாக்கியத்தின் பிற்பகுதியை எழுதுவதற்குக் கூடுதலாக ஓரிரு சொற்களே தேவை. ஆனால், முதியவரை வாடகைக் காரில் ஏறாமல் இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கச் செய்வது அப்பகுதிதான்.

வரைபடத்தை உடனே வெறுமையாக்க வேண்டிய தேவையும் இல்லை. கடைசியாகக் கிடைத்த இருப்பிடத்தைச் சாம்பல் நிறத்தில் வைத்து, ‘4 நிமிடங்களுக்கு முந்தைய தகவல்’ என்று அருகில் எழுதலாம். நான்கு நிமிடத்துக்கு முன் கொம்தாரில் இருந்த பேருந்து, இப்போது ஆயர் ஈத்தாம் நோக்கி வந்துகொண்டிருக்கும் என்று பயணியே கணக்கிட்டுக்கொள்வார். இதற்கு வேண்டிய விவரம் தரவிலேயே உள்ளது. ஒவ்வொரு பேருந்தின் இருப்பிடத்தோடும் அது பதிவான நேரமும் சேர்ந்து வருகிறது. அந்நேரம், 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கிக் கடந்த மொத்த நொடிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் தகவலின் வயது கிடைத்துவிடும். ஆனால், திறன்பேசியின் கடிகாரத்தையே யாரேனும் தவறாகத் திருப்பி வைத்திருந்தால் அக்கழித்தலும் பிழையாகும். அதனால், கவனமாக எழுதப்பட்ட குறுஞ்செயலி திறன்பேசியின் கடிகாரத்தை நம்புவதில்லை. சேவையகத்தின் பதிலோடு சேர்ந்து வரும் தேதி, நேரக் குறிப்பிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது.